ஷார்ஜாவிலிருந்து பிதியாவுக்கு சைக்கிளில், கோவிந்தசாமியைத் தேடி

இந்தப் பயணத்தில் என்ன நடக்கும், எங்கே போய் முடியும், பன்னீர்செல்வம் எந்த நிமிஷத்தில் உடைந்து உட்காருவான் என்பது வரைக்கும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நான் சொல்லிவிட்டேன். "போனால் விஷயத்தோடுதான் திரும்புவோம்" என்று அறையில் ஆறு பேர் முன்னால் சொன்னேன். அப்படியே நடந்தது. எட்டாம் வகுப்பில் பாதியிலேயே நின்றவன் நான். ஆனால் நடக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அது ஒரு வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் தங்கையின் பேரன் துபாயில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமையானால் தலையில் சட்டி போல ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு, உடம்போடு ஒட்டிய உடுப்பில் சைக்கிள் மிதிக்கக் கிளம்பிவிடுகிறான். "தாத்தா, ஷார்ஜாவிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு அமைதியான ரோடா ஒண்ணு சொல்லுங்க, கோட்டை கிராமமெல்லாம் பார்த்துக்கிட்டே போற மாதிரி" என்று கேட்டான். தம்பி, அந்த ரோட்டில் உன் அப்பன் பிறப்பதற்கு முன்பே, கியர் இல்லாத சீனத்துச் சைக்கிளில் போனவன் நான். அவனுக்கும் அவனைப் போல் கிளம்புகிற மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும்.

நாங்கள் போனது 1976 டிசம்பர் தொடக்கத்தில், பக்ரீத் விடுமுறையில். நான் அப்போது ஷார்ஜாவில், ரோலா ஆலமரத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடையில் இருந்தேன். ஷார்ஜாவில் ஓடிய சைக்கிளில் பாதி என் கையில் பஞ்சர் ஒட்டியவை. மீதிப் பாதி, என்னிடம் வந்திருந்தால் இன்னும் நன்றாக ஓடியிருக்கும்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம், இருபத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள் ஒருவன் கடைவாசலில் வந்து நின்றான்.

"கலியமூர்த்திங்கிறது நீங்கதானேண்ணே?"

"ஆமா. டியூபா, செயினா?"

"ரெண்டும் இல்லண்ணே. நான் பட்டுக்கோட்டைப் பக்கம். கோவிந்தசாமி மச்சினன்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரை ஆறு வருடமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கோவிந்தசாமி யாரென்று சொல்லிவிடுகிறேன். 1970 ஜனவரியில் நானும் அவனும் ஒரே லாஞ்சில் வந்தவர்கள். அன்றைக்கு விசா, டிக்கெட் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு ஏது. பம்பாயில் ஏஜென்டு கொட்டகையில் பதினெட்டு நாள் கிடந்தோம். ஒரே பாயில் படுக்கை, ஒரே குழாயடியில் குளியல். பிறகு மரக்கலத்தில் ஒன்பது நாள். அறுபது பேர் ஏறும் கலத்தில் நூற்றுப் பத்துப் பேர். இதை நான் நூற்றைம்பது என்றும் சொல்லியிருக்கிறேன், நூற்றுப் பத்துதான் சரி. கோர்ஃபக்கானுக்குப் பக்கத்தில், கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில், விடிவதற்கு முன்னால் "குதி குதி" என்று தள்ளிவிட்டார்கள். கழுத்தளவுதான் தண்ணீர் என்றார்கள். கழுத்தளவு இல்லை.

கோவிந்தசாமிக்கு நீச்சல் அவ்வளவாகத் தெரியாது. நான் ஊர்க் குளத்தில் மூச்சுவிடாமல் அக்கரை தொட்டு வந்தவன் என்று பம்பாயிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தேன். "நீ என் பின்னாலேயே வா, கரை என் பொறுப்பு" என்றும் சொல்லியிருந்தேன். குதித்தோம். அலை அடித்த அடியில் யார் யாருக்குப் பின்னால் என்பதெல்லாம் இல்லாமல் போயிற்று. கரையேறியவர்கள் திசைக்கொரு கூட்டமாக ஓடினார்கள். என் கூட்டத்தில் அவன் இல்லை. வேறு கூட்டத்தில் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வழிகாட்டியின் பின்னால் மலையைத் தாண்டி நான்கு நாள் நடந்து துபாய் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஊருக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

கடைக்கு வந்த பன்னீர்செல்வம், கோவிந்தசாமியின் மனைவி வேம்புவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டும் வேலைக்கு முறையாக விசாவில் வந்தவன். கேம்ப்பில் யார் யாரிடமோ விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறான்.

"அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாசம் மச்சான் கிளம்புனாருண்ணே. இப்ப அதுக்கு இருபத்தாறு வயசு. நெத்தியில பொட்டு வச்சா, 'யாருக்காக வச்சிக்கிட்டுத் திரியுற'ங்கிறாங்க. வைக்கலன்னா, 'எம்புள்ளய நீயே சாவடிச்சிடுவ போலருக்கே'ன்னு மாமியா அழுவுது. ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியல. வளைகாப்புக்குக் கூப்புட மாட்டேங்கிறாங்க, எழவு வீட்டுல தாலிக்காரிங்க பக்கம் நிக்கிறதா அந்தப் பக்கம் நிக்கிறதான்னு தெரியல."

"அங்க எங்கேயாவது வேற பொண்டாட்டி கட்டிக்கிட்டு இருக்காருன்னும் பேச்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "இருக்காரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்ணே. எதுவா இருந்தாலும் அக்கா தாங்கிக்கும். இந்த ரெண்டுங்கெட்டானைத்தான் தாங்க முடியல."

பெருநாள் விடுமுறையில், நாங்கள் குதித்த கரைக்கே போய் விசாரிப்பது என்று முடிவானது. டாக்சியில் போகலாமே என்று அறைக்காரர்கள் சொன்னார்கள். டாக்சிக்காரன் கிழக்குக் கரையில் புஜைராவில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். எங்களுக்கோ வழியிலுள்ள ஒவ்வொரு ஊரிலும் நின்று கேட்க வேண்டும். தவிர, நான் நடந்து வந்த வழி அது. அதைக் காரில் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. முதலாளியிடம் சொல்லி இரண்டு சைக்கிள் எடுத்தேன். பின்கேரியரில் தலா ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், போர்வை, குபூஸ் ரொட்டி ஒரு கட்டு, பேரீச்சம்பழம், பஞ்சர் சாமான், இரண்டு உபரி டியூப். மொத்தச் செலவு பதினெட்டு திர்ஹம். பன்னீரின் பையில் இதெல்லாம் போக, கைக்குட்டையில் முடிந்த ஒரு பிடி பச்சரிசி இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவன் ஒன்று சொன்னான்.

"அண்ணே, மச்சான் உடம்புல ஒரு அடையாளம் உண்டு. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப எனக்குக் கடுதாசியில எழுதியிருக்கு. ஒங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. பார்த்தவங்க வாயிலேருந்து அதுவா வரணும். அப்பத்தான் நம்புவேன்."

"நீ சொல்லவே வேணாம்டா. வரும் பாரு" என்றேன்.

முதல் நாள். காலை ஐந்து மணிக்கு ஷார்ஜாவை விட்டோம். தைத் வரைக்கும் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் இருபது கிலோமீட்டர் வெறும் சமதளம், பிறகு மணல்மேடுகள் தொடங்கும். போகப்போக மணல் மஞ்சளிலிருந்து செங்கல்பொடி நிறத்துக்கு வரும். ரோட்டில் அரை மணிக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். வந்தவனும் ஆரன் அடித்து, கை ஆட்டி, "ஈத் முபாரக்" சொல்லிவிட்டுத்தான் போனான். மற்ற நேரமெல்லாம் செயின் சத்தமும் எங்கள் மூச்சும்தான். அந்த அமைதிக்காகத்தான் இன்றைக்குப் பிள்ளைகள் காசு கொடுத்து எங்கெங்கோ போகிறார்கள்.

காற்று எதிரே அடித்தது. நான் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தேன்.

"முப்பதாண்ணே? தைத் வரவே நாலரை மணி நேரம் ஆயிருக்கு" என்றான் பன்னீர், ஒன்பதரை மணிக்குத் தைத்தில் இறங்கியபோது.

"நடுநடுவுல நின்னோம்ல."

"நின்னது நீங்க. நான் உங்களுக்காக நின்னேன்."

சிரித்தான். இந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தைத்தில் பேரீச்சந்தோப்பும், மலையிலிருந்து தரைக்கடியில் வரும் வாய்க்காலும் உண்டு. ஃபலஜ் என்பார்கள். அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் ஐம்பது கிலோமீட்டர் களைப்பும் போய்விடும். டீக்கடையில் தலா ஒரு சுலைமானி, பால் விடாத டீ, இருபத்தைந்து ஃபில்ஸ். அங்கேயே விசாரிக்க ஆரம்பித்தேன். என் அரபி அப்போது எப்படி இருந்தது என்றால், அரபிக்காரர்களே சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். பன்னீருக்கு 'யல்லா', 'மாஃபி' தவிர ஒன்றும் தெரியாது. நான் கேட்பேன், அவன் என் வாயைப் பார்ப்பான், நான் தமிழில் சொல்வேன். மூன்று நாளும் அப்படித்தான். தைத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அங்கிருந்து மசாஃபி முப்பத்திரண்டு கிலோமீட்டர். தார் போட்டு அதிக நாள் ஆகாத ரோடு. மலை மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் நெருங்கி வரும். பச்சை இல்லாத மலை. கருகிய சட்டியின் அடிப்பாகம் போல, வெடித்து வெடித்து நிற்கும். ஓரத்து முள்மரங்கள் பார்க்க நம்மூர் வேலமரம்தான், முள்ளும் அப்படியே. இரண்டு பஞ்சர். ஒவ்வொன்றும் நான்கு நிமிஷத்தில் ஒட்டினேன். ஏற்றத்தில் நான் ஒரு இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை. பன்னீர் வேறு மாதிரி சொன்னான், அவன் பின்னால் வந்ததால் அவனுக்குச் சரியாகத் தெரியாது.

மாலை நாலு மணிக்கு மசாஃபி. ரோடு வேலை பார்க்கும் பட்டாணியர்களின் கேம்ப் ஒன்று இருந்தது. "ஆவோ பாய், பைட்டோ" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். பெருநாள் ஆட்டுக்கறியும் ரொட்டியும் வந்தது. பன்னீர் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றான்.

"கறி சாப்புடுறா, மலை ஏறணும்."

"விஷயம் தெரியுற வரைக்கும் கவுச்சி இல்லண்ணே."

இதை இந்தியில் சொன்னபோது அந்தப் பட்டாணியர்கள் யாரும் வற்புறுத்தவில்லை. ஒருவர் எழுந்துபோய் அவனுக்கென்று ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தார். அங்கேயே தூங்கினோம். வாடகை கேட்கவில்லை. காலையில் அவர்கள் சைக்கிள் ஒன்றின் செயினை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள். மசாஃபியிலிருந்து புஜைரா முப்பத்தைந்து கிலோமீட்டர், முக்கால்வாசி இறக்கம். சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம் என்றால் இதுதான். காய்ந்த ஆற்றுப்படுகை கூடவே வரும். பாதிவழி தாண்டியதும் பித்னா கிராமம். பள்ளத்தில் பேரீச்சந்தோப்பு, அதற்கு நடுவே மண்ணும் கல்லும் குழைத்துக் கட்டிய கோட்டை. எத்தனை நூறு வருடம் என்று யாருக்கும் தெரியாது. நான் ஆயிரம் என்று சொல்லுவேன். 1970-ல் இந்தக் கோட்டையின் பின்புறமாகத்தான் நாங்கள் குனிந்து ஓடினோம். அப்போது என் காலில் செருப்பு இல்லை. அன்றைக்கு என்னைப் பார்த்த ஒரு பெண், ஒன்றும் கேட்காமல் ஒரு பானை மோரைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சுவரைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாச் சுவரும் அதே மாதிரி இருந்தன.

பன்னீர் கோட்டையை ஒரு தடவை பார்த்தான். "இந்த வழியில மச்சான் வந்திருந்தா இந்தக் கோட்டைய நிச்சயம் பார்த்திருப்பாருல்லண்ணே" என்றான். நான் சைக்கிளை முன்னால் விட்டேன்.

ஒன்பதரைக்குப் புஜைரா. கடல் அங்கேதான் முதலில் தெரியும். ஷார்ஜாக் கடல் மாதிரி ஏரித்தண்ணீராக இருக்காது. அலை அடிக்கும் கடல். இதற்கு நேரே கிழக்கேதான் நம்ம நாடு. பன்னீர் இறங்கி நின்று கும்பிட்டான். ஊரைக் கும்பிட்டானா, மச்சானைக் கும்பிட்டானா தெரியாது.

அங்கிருந்து வடக்கே கோர்ஃபக்கான் இருபத்துநான்கு கிலோமீட்டர். தார் விட்டு விட்டு இருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஒரு திருப்பத்தில், கடலுக்குள் தனியாக நிற்கும் பாறை தெரிந்தது. எனக்கு அந்தப் பாறையைத் தெரியும். லாஞ்சில் அதைக் காட்டித்தான் குதிக்கச் சொன்னார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டேன். காலுக்குப் பிடிப்பு என்று சொல்லி ரோட்டோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

கோர்ஃபக்கானில் மலையாளி ஒருவரின் சாயாக்கடை. விஷயத்தைச் சொன்னதும் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கடலில் போனவர்களைப் பற்றிக் கேட்கத்தானே இங்கே எல்லாரும் வருவது" என்றார். வடக்கே எட்டு கிலோமீட்டரில் பிதியா, அங்கே உபைத் என்று ஒரு மீன்பிடிக்காரர், கரை ஒதுங்கிய பிணங்களை எல்லாம் அடக்கம் செய்தவர் அவர்தான் என்று வழி சொன்னார். சாயாவுக்குக் காசு வாங்கவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பிதியா. சாலையோரத்திலேயே ஒரு சின்னப் பழைய பள்ளிவாசல். கூரையில் நான்கு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தது போல நான்கு கும்மட்டம். இவ்வளவு சிறிய தொழுகை வீட்டை நான் பார்த்ததில்லை. போகிறவர்கள் கட்டாயம் நின்று பாருங்கள். மத்தியானத் தொழுகை முடிந்து வந்தவர்களிடம் கேட்டோம். அறுபது வயதிருக்கும், வெளுத்த கந்தூரா அங்கி போட்ட ஒருவரைக் காட்டினார்கள். அவர்தான் உபைத்.

எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வீட்டுக்கு அழைத்துப்போய் காவா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசக் கூடாது, அது அவர்கள் மரியாதை. பிறகு நான் சொன்னேன். எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பாறை.

"அந்தக் குளிர்காலத்தில் ஏழு பேர்" என்றார் உபைத். "ஹிந்திகள், உங்கள் நாட்டுக்காரர்கள். ஐந்து பேர் ஒரே நாளில். இரண்டு பேர் இரண்டு நாள் கழித்து. முஸ்லிமா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கடல் கொண்டுவந்து வாசலில் போட்டால் நம் வீட்டு மையித்துதான். நானும் என் அண்ணனும் குளிப்பாட்டினோம். ஊரே நின்று தொழுதது."

பன்னீரிடம் சொன்னேன். அவன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"அடையாளம் ஏதாவது இருந்துச்சான்னு கேளுங்கண்ணே. எதுவா இருந்தாலும்."

கேட்டேன். உபைத் ஒரு கையைத் தன் தொப்புளில் வைத்தார், இன்னொரு கையை முழங்காலில் வைத்தார், மெதுவாக, நீளமாகப் பேசினார். பன்னீர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடுப்பக் காட்டுறாருண்ணே. என்ன சொல்றாரு? என்ன சொல்றாருண்ணே?"

நான் சொன்னேன். "ஒருத்தன் இடுப்புல கறுப்பு அரைஞாண் கயிறு இருந்துச்சாம். அதுல வெள்ளியில சின்னதா ஒரு வளையம் கோத்திருந்துச்சாம். மோதிரம் மாதிரி, ஆனா மோதிரம் இல்லையாம். அது என்னன்னு இவங்களுக்குத் தெரியலயாம்."

பன்னீரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. சுமையை இறக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

"மெட்டிண்ணே... அக்கா மெட்டி. போறப்ப தன் கால்லேருந்து ஒண்ணக் கழட்டி அவரு அரைஞாண்ல கட்டிவிட்டுச்சு. ஊருக்குத் தெரியாம அடுத்த சந்தையிலயே வேற வாங்கிப் போட்டுக்கிச்சு. ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே, ஒருத்தருக்கும்..."

உபைத் எழுந்துவந்து அவன் தலையில் கை வைத்தார். "சபர், சபர்", பொறுத்துக்கொள் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

கல்லறை, ஊருக்கும் மலைக்கும் நடுவில். ஏழும் ஒரே வரிசை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், பெயர் இல்லை. எது யார் என்று உபைத்துக்கு நினைவில்லை. பன்னீர் கைக்குட்டையை அவிழ்த்தான். அந்தப் பச்சரிசி வாய்க்கரிசி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு பேருக்கும் பிரித்து, கால்மாட்டுக் கல்லோரம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தான். இடம் அவர்களுடையது, ஏதாவது சொல்வார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உபைத் பார்த்துக்கொண்டு நின்றார். "பறவைகள் தின்னும். நல்லது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள், சைக்கிள்களை ஒரு பிக்கப்பின் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினோம். ஆளுக்கு இருபது திர்ஹம், சைக்கிளுக்கு ஐந்து. வழியெல்லாம் நின்று நின்று ஏழு மணி நேரம். வழியில் டீக்கடையில் பன்னீர் கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் எழுதிய கடிதம் ஊர் போய்ச் சேர்ந்து, தை மாதத்தில் கோவிந்தசாமிக்குக் கருமாதி நடந்தது. வேம்பு தாலியைக் கழற்றியது. 1978-ல் நான் லீவில் போனபோது என் வீட்டுக்கே வந்தது. வாசலில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணே, அந்த மெட்டியக் கழட்டாமத்தான் பொதைச்சாங்களா?"

"ஆமாம்மா. அதைத் தொடவே இல்லன்னு சொன்னாரு."

"அது போதும்ணே."

அடுத்த வருடம், மனைவியை இழந்த ஒருவருக்கு வேம்புவைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் வழக்கத்தில் அதற்கு இடமுண்டு. இரண்டு பெண் பிள்ளைகள். நன்றாகவே வாழ்ந்தது. அந்தப் பிள்ளைகளின் கல்யாணத்தில் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

இடையில் ஒன்று. 1980-ல் ஒரு வேலையாக மஸ்கட் போயிருந்தேன். ரூவி கடைத்தெருவில் எனக்கு முன்னால் ஒரு ஆள் போனான். ஒரு பக்கம் தோளைச் சாய்த்து, குதிகாலை இழுத்து நடக்கும் நடை. பம்பாயில் பதினெட்டு நாள் பார்த்த நடை. அவனைத் தாண்டிப்போய் முகத்தைப் பார்க்க எனக்கு ஐந்து எட்டு போதும். நான் சந்தில் திரும்பி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி போகிறவர்களுக்கு. டிசம்பர், ஜனவரி தவிர வேறு மாதத்தில் முயலாதீர்கள். இப்போது பெரிய ரோடுகளில் லாரி அதிகம், பித்னா வழியாகப் போகும் பழைய ரோட்டைப் பிடியுங்கள். இரண்டு நாளாகப் பிரித்து, மசாஃபியில் தங்குங்கள். முள் குத்தும், உபரி டியூப் இரண்டு வேண்டும். ஊர்களில் பெரியவர்களிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் காவாவைக் குடித்து முடியுங்கள். பிதியா பள்ளிவாசலுக்கு முழங்கால் மூடிய உடுப்போடு போங்கள்.

கடைசியாக ஒன்று. முக்கியமான விஷயம் கேட்கப் போகிறீர்கள் என்றால், பாஷை தெரிந்தவன் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பன்னீர் பத்து வருடம் முன்பு போய்விட்டான். வேம்பு சென்ற ஐப்பசியில் காலமானது. அதனால் சொல்கிறேன். மேலே எழுதியதில் முப்பது கிலோமீட்டர் வேகம், நான்கு நிமிஷப் பஞ்சர் எல்லாவற்றையும் நீங்களே கழித்துக்கொண்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் நான்தான் கழித்துத் தர வேண்டும். அன்றைக்கு உபைத் ஒரு கையைத் தொப்புளிலும் ஒரு கையை முழங்காலிலும் வைத்துச் சொன்னது இதுதான்: "இங்கிருந்து இதுவரைக்கும் துணி போட்டு மூடித்தான் மையித்தைக் குளிப்பாட்டுவோம். அந்தத் துணிக்கு அடியில் என்ன இருந்தது என்று நாங்கள் பார்ப்பதில்லை. இறந்தவனுக்கும் வெட்கம் உண்டு." பிறகு என்னைப் பார்த்து, "அவனிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார். "அவன் ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று சொன்னேன்" என்றேன். அதற்குத்தான் "கலாஸ்" என்றார்.

விஷயத்தோடுதான் திரும்புவோம் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது இப்படித்தான். அந்த மெட்டியை உபைத் பார்க்கவில்லை. நான்தான் பார்த்திருந்தேன், பம்பாயில், குழாயடியில், கோவிந்தசாமி குளிக்கும்போது.